கூரையைப் பார்த்தோம், தரையைப் பார்த்தோமா?

கூட்டுறவுச் சங்கம் ஒன்று புதிய கட்டடம் எழுப்பித் திறப்பு விழா நடத்தும்போது, வருகை தரும் பெரியோர்கள் முதலில் நிமிர்ந்து கூரையைப் பார்க்கிறார்கள். அடுத்து முகப்பில் பதித்த கல்வெட்டைப் படிக்கிறார்கள். பின்னர்ச் சுவரின் வண்ணத்தைப் பாராட்டுகிறார்கள். குனிந்து தரையைப் பார்ப்பவர் ஒருவரும் இலர். ஆயினும் விவசாயி கொண்டுவந்து ஒப்படைக்கும் மூட்டை அமர்வது தரையின்மீதுதான். நெசவாளர் நாள் முழுதும் காலை இறக்கி உழைப்பது அத்தரையில் தோண்டிய குழிக்குள்ளேதான். கூரை ஒழுகினால் அன்றே தெரிந்துவிடும். ஊர் முழுதும் பேசும். தரை ஒழுகினால் ஆறு மாதம் ஒருவருக்கும் தெரிவதில்லை. தெரியும்போது சரக்கு போயிருக்கும். இக்காரணத்தால் தரையைப் பற்றிச் சில வார்த்தைகள் நம் அங்கத்தினர்களிடம் சொல்ல விரும்புகிறோம்.

சில காலத்திற்கு முன் ஒரு சங்கத்தின் கிடங்கிற்குச் சென்றிருந்தோம். ஊர்ப் பெயர் வேண்டா. குறை கூறுவது நம் நோக்கமன்று. நிலக்கடலை மூட்டைகள் பத்து அடுக்காக, சுவரோடு ஒட்டி, வெறும் சிமெண்டுத் தரைமேல் ஏற்றப்பட்டிருந்தன. மேலடுக்கு மூட்டைகள் சலசலவென்று உலர்ந்திருந்தன. அடிமூட்டையைப் புரட்டியபோது சாக்கின் அடிப்பாகம் கறுத்திருந்தது. உள்ளே கடலை பச்சை பூத்திருந்தது. மழை உள்ளே வரவில்லை; கூரையில் ஓட்டையும் இல்லை. எங்கிருந்து வந்தது அந்த ஈரம் என்று கிடங்குக் காவலர் வியந்தார். தரைக்குள்ளிருந்து வந்தது என்பதே விடை. பத்து அடுக்கில் ஓர் அடுக்கு கெட்டால் நூற்றுக்குப் பத்து நட்டம். அடகு வைத்த சரக்கில் நூற்றுக்குப் பத்துப் போய்விட்டால், வட்டியில் கிடைத்த சலுகை எதுவும் அதனை ஈடு செய்ய மாட்டாது.

இது பணநட்டத்தோடு நிற்கும் விஷயமும் அன்று. உலர்த்திய கடலைப் பருப்பில் ஈரம் நூற்றுக்கு 8 பங்குக்கு மேற்பட்டு இருத்தலாகாது. மிஞ்சினால் ஆஸ்பர்ஜில்லஸ் என்னும் பூஞ்சணம் பற்றி, அஃப்லடாக்சின் என்னும் நஞ்சை உண்டாக்கும். 1960ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஏறத்தாழ ஒரு இலட்சம் வான்கோழிகள் காரணம் புரியாமல் மாண்டன. ஆராய்ந்தபோது, அவற்றிற்குத் தீனியாக இட்ட நிலக்கடலைப் பிண்ணாக்கிலேயே அந்நஞ்சு இருந்தது கண்டறியப்பட்டது. சமைப்பதாலும் வறுப்பதாலும் அது முற்றும் நீங்குவதில்லை. நஞ்சேறிய பிண்ணாக்கைத் தின்ற கறவை மாட்டின் பாலிலும் அதன் கூறு இறங்குகிறது. ஆதலால் கிடங்கின் தரையிலுள்ள ஓதம், ஒரு நாள் நம் குழந்தைகளின் பால் குவளை வரை வரக்கூடியது என்பதை மறத்தலாகாது.

கிடங்கு என்பது கூட்டுறவு இயக்கத்திற்குப் புதிய பொருளன்று. அகில இந்திய கிராமக் கடன் ஆய்வுக் குழு 1954இல் தன் அறிக்கையை வெளியிட்டபோதே, கடன், விற்பனை, சேமிப்பு ஆகிய மூன்றையும் ஒன்றாகப் பிணைக்க வேண்டும் என்று வற்புறுத்தியது. அதன் பயனாக 1956இல் சட்டம் பிறந்தது. 1957இல் மத்தியக் கிடங்குக் கழகமும், 1958இல் நம் மாநிலக் கிடங்குக் கழகமும் தோன்றின. 2020இல் வேளாண் உள்கட்டமைப்பு நிதி அறிவிக்கப்பட்டது. 2023 மே மாதத்தில், கூட்டுறவுத் துறையில் பெருமளவு தானியக் கிடங்குகள் கட்டும் திட்டத்திற்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. அதன் முன்னோடியாக 2024 பிப்ரவரியில் 11 மாநிலங்களில் தொடக்க நிலைச் சங்கங்களின் கிடங்குகள் திறக்கப்பட்டன. தமிழ்நாடும் அவற்றுள் ஒன்று. ஆகவே வருகின்ற ஆண்டுகளில் நம் சங்கங்கள் பலவும் கட்டடம் கட்டும் என்று எதிர்பார்க்கலாம். கட்டிய பிறகு தரையைப் பெயர்ப்பது பெருஞ்செலவு. கட்டுமுன் யோசிப்பதற்குச் செலவே இல்லை.

நம் முன்னோர்கள் இதனை அறியாதவர்கள் அல்லர். பத்தாயத்திற்குக் கால் வைத்தார்கள். அதன் அடியில் காற்று புகுந்து வெளியேறியது, பூனையும் புகுந்து எலியைப் பிடித்தது. மூங்கில் தொம்பையைச் சாணமிட்டு மெழுகிக் கல்லின்மேல் தூக்கி வைத்தார்கள். சோளத் தட்டுப் போரையும் வெறும் மண்ணில் போடாமல், கல் அடுக்கிக் கட்டை பரப்பி, அதன்மேல் வேய்ந்தார்கள். மகாராஷ்டிரத்தில் சாங்கிலியை அடுத்த ஹரிப்பூரில் மஞ்சளை மண்ணுக்குள்ளேயே குழி தோண்டி ஆண்டுக்கணக்கில் வைத்துக் காத்தார்கள். அம்மண்ணின் உலர்ந்த தன்மை அதற்கு இடங்கொடுத்தது. ஆனால் 2005ஆம் ஆண்டு வெள்ளம் வந்தபோது அக்குழிகளுக்கும் கேடு வந்தது. மண் உலர்ந்திருக்கும் வரையில்தான் மண் காவலன். நனைந்துவிட்டால் அதுவே திருடன்.

தண்ணீர் தரையை மூன்று வழிகளில் அடைகிறது. முதலாவது, மழைநீர் வெளியிலிருந்து ஓடிவந்து தேங்குவது. இதைக் கண்ணால் காணலாம். இரண்டாவது, விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவது போல், மண்ணிலுள்ள ஈரம் செங்கல், சுண்ணாம்பு, சிமெண்டு ஆகியவற்றின் நுண்துளை வழியே மேலேறுவது. சுவரின் அடியில் சாந்து உப்புப் பூத்து உதிர்வதைக் கொண்டு இதை அறியலாம். மூன்றாவது ஆவி. காற்றில் கலந்து கண்ணுக்குத் தெரியாமல் வந்து, குளிர்ந்த பொருளைத் தொட்டவுடன் மீண்டும் நீராவது. முதல் இரண்டையும் நம் கொத்தனார்கள் நன்கு அறிவார்கள். மூன்றாவதை அறிந்தவர் சிலரே. நம் காலத்துக் கட்டடங்களில் பெருங்கேடு விளைவது அந்த மூன்றாவதினால்தான்.

நம் பக்கத்தில் ஒரு பகுதி செம்மண், ஒரு பகுதி கரிசல். கரிசல் மண் நனைந்தால் உப்பும், காய்ந்தால் வெடிக்கும். அதன்மேல் மண் நிரப்பித் தளம் போட்டால் தளம் பிளப்பது திண்ணம். ஆகையால், குட்டைச் சுவர்களோ தூண்களோ எழுப்பி, அவற்றின்மேல் கற்பலகையோ கான்கிரீட் தளமோ இட்டு, அடியில் வெற்றிடம் விட்டுக் காற்றுத் துவாரம் வைக்கும் முறையைச் சிலர் கையாளுகிறார்கள். சரிவான பூமியிலும் இதுவே சௌகரியம். நீலகிரிப் பக்கத்துப் பழைய பங்களாக்களின் மரத்தளங்களும் இவ்வாறு தூக்கிக் கட்டப்பட்டவையே. இம்முறை நல்ல முறை என்பதில் எமக்கு ஐயமில்லை. ஆனால் ‘துவாரம் வைத்துவிட்டோம், இனி ஈரம் இல்லை’ என்று கைகழுவிவிடுவதைத்தான் நாம் ஒப்புக்கொள்ள இயலவில்லை.

துவாரம் எதற்கு? வெளிக்காற்று உட்காற்றைவிட உலர்ந்திருக்கும்போது ஈரத்தை வெளியேற்றுவதற்கு. தை முதல் வைகாசி வரையில் நம் ஊர்க் காற்று பெரும்பாலும் அவ்வாறே உலர்ந்திருக்கிறது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் வெளிக்காற்றே நனைந்திருக்கிறதே! அப்போது துவாரம் ஈரத்தை உள்ளே அழைக்கும் வாயிலாகிறது. அமெரிக்காவில் வட கரோலினா மாநிலத்துப் பிரின்ஸ்வில் என்னும் ஊரில், இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் பன்னிரண்டு வீடுகளைக் கொண்டு இதனைச் சோதித்தார்கள். தரையடியில் துவாரமிட்ட வீடுகளைக் காட்டிலும், துவாரத்தை அடைத்து மண்ணைப் பாலிதீன் விரிப்பால் மூடிய வீடுகளே கோடைப் புழுக்கத்தில் உலர்ந்திருந்தன. அந்நாட்டுக் கட்டட விதி ஒன்றும் ஈண்டுக் கருதத்தக்கது. மண்ணை மூடாவிட்டால் தரைப் பரப்பில் 150இல் ஒரு பங்கு துவாரம் வேண்டும். தக்க விரிப்பால் மூடினால் 1500இல் ஒரு பங்கு போதும் என்கிறது அது. மண்ணை மூடுவது பத்து மடங்கு துவாரத்திற்குச் சமம் என்று அந்த விதி மதிக்கிறது என்று பொருள். நாம் வட கரோலினாவில் இல்லை. நம் காற்று அவ்வளவு புழுக்கமுடையதும் அன்று. ஆகவே குளிரூட்டாத சாதாரணக் கிடங்கிற்குத் துவாரம் வேண்டும் என்பதே எமது கருத்தும். ஆனால் அது மூடித் திறக்கத் தக்கதாய் இருத்தல் வேண்டும். கீழே மண்ணின்மேல் விரிப்பும் இருத்தல் வேண்டும்.

குளிரறை கட்டும்போதோ நிலைமை வேறாகிவிடுகிறது. காரமடைக் கறிவேப்பிலை, தொண்டாமுத்தூர்த் தக்காளி, நீலகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறங்கும் உருளைக்கிழங்கு, கேரட் ஆகியவற்றை விலை ஏறும்வரை காத்து வைக்கச் சிறு குளிரறைகள் வேண்டும் என்னும் பேச்சு விவசாயிகளிடையே எழுந்திருக்கிறது. வரவேற்கத்தக்க பேச்சு. ஆனால் ஒரு சிறு கணக்கைப் பாருங்கள். மழைநாளில் வெளிக்காற்று 25 டிகிரி வெப்பமும் நூற்றுக்கு 85 ஈரப்பதமும் உடையது என்று கொள்வோம். அக்காற்றின் ஒரு கன மீட்டரில் சுமார் 20 கிராம் நீர் ஆவியாக இருக்கிறது. அக்காற்றே 4 டிகிரிக்குக் குளிர்ந்தால் 6 கிராமுக்குச் சற்று மேற்பட்டே தாங்கும். எஞ்சிய 13 கிராமுக்கு மேற்பட்ட நீர் எங்கே போகும்? குளிர்ந்த பரப்பைத் தொட்ட இடத்தில் துளியாகப் படியும். மோர்க் குவளையின் வெளிப்புறம் வியர்ப்பதும் இதே நியதிதான். 22 டிகிரிக்குக் கீழே குளிர்ந்த எந்தப் பொருளையும் அக்காற்று நனைத்தே தீரும்.

இனி அக்குளிரறையின் தரை, துவாரமிட்ட வெற்றிடத்தின்மேல் இருப்பதாக எண்ணிப் பாருங்கள். மேலே குளிர், கீழே ஓயாமல் வந்துகொண்டிருக்கும் ஈரக் காற்று. இடையிலே வெப்பக் காப்பு. அக்காப்பு கண்ணாடி நார்ப் பஞ்சாகவோ, உமியாகவோ, வைக்கோலாகவோ இருந்தால், ஈரக்காற்று அதற்குள் புகுந்து குளிர்ந்த அடித்தளத்தைத் தொட்டு நீராகும். நனைந்த பஞ்சு காப்பாகாது. கனத்துத் தொங்கி விழும். மர விட்டம் உளுக்கும். இரும்பு விட்டம் துருப்பிடிக்கும். மின்சாரக் கட்டணம் ஏறும். யந்திரம் பழுது என்று யந்திரத்தைக் குறை சொல்வார்கள். குற்றம் யந்திரத்தினுடையதன்று.

இவ்விடத்தில் ஒரு பெருந்தவறு நிகழ்வதுண்டு. குளிர்நாட்டுக் கட்டடப் புத்தகங்களில், ஆவித்தடையை வீட்டின் உட்புறத்தில், அதாவது தரையின் மேற்பக்கத்தில் இடும்படி எழுதியிருக்கும். அங்கே வீட்டுக்குள் கதகதப்பு, வெளியே பனி. ஆவி உள்ளிருந்து வெளியே போகிறது. அந்நாட்டிற்கு அது சரி. நமது குளிரறையிலோ உள்ளே குளிர், வெளியே புழுக்கம். ஆவி வெளியிலிருந்து உள்ளே வருகிறது. அவர்கள் சித்திரத்தை அப்படியே பெயர்த்து வரைந்தால் தடை தவறான பக்கத்தில் அமையும். சூடான பக்கம் எதுவோ அப்பக்கத்திலேயே ஆவித்தடை இருத்தல் வேண்டும் என்பது எந்நாட்டிற்கும் பொருந்தும் விதி. நம் குளிரறைத் தரைக்கு அது அடிப்பக்கமாகும்.

எனவே கட்ட விரும்புவோர் கைக்கொள்ளத்தக்க ஒழுங்கை இங்கே சுருங்கக் கூறுகிறோம். வெற்றிடத்து மண் வெளி நிலத்தைவிட உயர்ந்தும், வெளிப்புறம் நோக்கிச் சாய்ந்தும் இருக்கட்டும். கூரைநீர் சுவரடியில் விழாமல் வாய்க்கால் வழியே அப்பாற் செல்லட்டும். மண்ணின்மேல் கனத்த பாலிதீன் விரிப்பை, ஓரடி ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி பரப்பி, ஓரங்களைச் சுவரில் சற்று ஏற்றி ஒட்டுக. காப்புக்கு நீர் குடியாத நுரைப்பலகையைத் தேர்ந்து, தளத்தின் அடியில் இடைவெளியின்றி அணைத்துப் பொருத்துக. இடையில் சந்து இருந்தால் காற்று அங்கே உலவிக் காப்பை வீணாக்கும். பலகையின் அடிமுகத்தில் அலுமினியத் தகடு ஒட்டியிருப்பது நலம். இணைப்புகள் எல்லாவற்றையும் நாடா கொண்டு அடைக்க வேண்டும். குழாயும் கம்பியும் துளைத்துச் செல்லும் இடங்களை மறக்கலாகாது. ஒரு விரற்கடைத் துளை போதும், மொத்த உழைப்பும் வீண். தளத்தின் மேற்பக்கத்திலும் இன்னொரு பாலிதீனை இட்டு இரு பக்கமும் பூட்டிவிட வேண்டா. தப்பித் தவறி உட்சென்ற நீர் உலர வழியிருக்க வேண்டும். துவாரங்களுக்கு எலியும் பாம்பும் புகாத கம்பி வலையும், மழைக்காலத்தில் சாத்துவதற்குக் கதவும் அவசியம். ஓர் ஆள் தவழ்ந்து சென்று பார்க்கும் அளவுக்கு வெற்றிடத்தில் உயரமும் ஒரு வாயிலும் வேண்டும். பார்க்க முடியாத இடத்தை எவரும் பராமரிப்பதில்லை.

குளிரூட்டாத கிடங்கிற்கு இவ்வளவு வேண்டியதில்லை. தளத்திற்கு அடியில் பாலிதீன் விரிப்பு, சுவரில் ஓதத்தடை, மூட்டைக்கு அடியில் மரச்சட்டம், சுவருக்கும் அடுக்குக்கும் இடையே ஓர் ஆள் நடக்கத்தக்க இடைவெளி, தெளிந்த நாளில் மட்டும் சாளரத்தைத் திறக்கும் பழக்கம் ஆகிய ஐந்தும் போதும். யூரியா வைத்திருப்போர் ஒன்றை நினைவிற் கொள்க: 30 டிகிரி வெப்பத்தில் காற்றின் ஈரப்பதம் நூற்றுக்கு 73 அளவைத் தாண்டினால் அது நீரை இழுக்கத் தொடங்கும். மழை விட்டதும் ‘காற்றோட்டமாக இருக்கட்டும்’ என்று கதவைத் திறந்துவைப்பது நல்லெண்ணத்தால் செய்யும் தீமையாகும்.

இதுவரை விவசாயியைப் பற்றிப் பேசினோம். நெசவாளர் சகோதரர்களின் நிலை இதனினும் நுட்பமானது. பருத்தி நூல் ஈரத்தை விரும்புவது. நூற்றுக்கு எட்டரைப் பங்கு ஈரம் அதன் இயல்பான அளவு. காற்று வறண்டால் பாவு இழை பொடுக்குப் பொடுக்கென்று அறும். அறுந்த இழையை முடிப்பதில் கூலி கரையும். குழித்தறியின் அருமை இதில்தான் இருக்கிறது. குழியின் குளிர்ச்சி பாவுக்கு இதம் தருகிறது. ஆனால் மழைக்காலத்தில் அக்குழியிலேயே நீர் ஊறிவிட்டால்? மிதிகட்டை ஊறும், விழுதும் பாவும் பூஞ்சணம் பிடிக்கும், நெசவாளரின் பாதம் நாள் முழுதும் சேற்றில் நிற்கும். தறி நின்றால் அன்றைய அடுப்பும் நிற்கும். நெகமம் சேலையும் கோவைக் கோராவும் புவிசார் குறியீடு பெற்றுப் புகழ் அடைந்திருக்கின்றன. அப்புகழ் எந்தக் குழியிலிருந்து எழுந்து வருகிறது என்பதை வாங்குவோர் அறியார்; நாமாவது அறிந்திருக்க வேண்டும்.

நெசவாளருக்கு வேண்டுவது ஈரக் காற்றேயன்றி ஈரத் தரையன்று. இவ்விரண்டையும் பிரித்துக் காண்பதே தறிக்கூடம் கட்டுவோரின் முதற் கடமை. கூடத்தின் தரையை வெளி நிலத்தினும் இரண்டடியேனும் உயர்த்துக. குழியைச் செங்கல்லால் கட்டி, பின்புறத்தில் பாலிதீன் விரிப்பைச் சுற்றி, உட்புறம் நீர் புகாச் சாந்து பூசுக. குழியின் விளிம்பைத் தரைக்கு மேல் நான்கு விரற்கடை உயர்த்திவிட்டால் தரையில் ஓடும் நீர் உள்ளே விழாது. காற்றுக்கு ஈரம் வேண்டிய வறண்ட மாதங்களில், நனைத்த சாக்குத் திரையைச் சாளரத்தில் தொங்கவிடுவது மண்ணின் ஓதத்தை நம்பியிருப்பதைவிட மேலானது. வேண்டும்போது நனைக்கலாம், வேண்டாதபோது எடுத்துவிடலாம். தறிக்கூடத்தையும் தானியக் கிடங்கையும் ஒரே கூரையின்கீழ், நடுவில் அரைச்சுவர் வைத்துக் கட்டும் சிக்கனத்தை மட்டும் தவிர்க்குமாறு கேட்டுக்கொள்கிறோம். ஒருவருக்கு அமிர்தமானது மற்றவருக்கு நஞ்சாகும் இடம் அது.

‘இவ்வளவுக்கும் பணம் எங்கே?’ என்று சில நிர்வாகக் குழுவினர் கேட்கக்கூடும். நியாயமான கேள்வியே. ஆனால் மொத்தச் செலவில் பாலிதீன் விரிப்பின் பங்கு மிகச் சிறிது. முகப்பு வளைவுக்கும் பளபளப்பான பெயர்ப் பலகைக்கும் ஆகும் செலவோடு அதை ஒப்பிட்டுப் பார்த்தால் தாமே விளங்கும். குளிரறையின் நுரைப்பலகை விலை கூடுதல்தான். அப்பணம் இல்லையென்றால் குளிரறையைப் பின்னொரு வருஷத்திற்கு ஒத்திவைப்பது அரைகுறையாகக் கட்டுவதைவிட உத்தமம். சங்கத்தின் பணம் ஒருவருடையதன்று. கால்காணிக்காரருடையதும் ஒற்றைத் தறிக்காரருடையதும் அதில் சேர்ந்திருக்கிறது.

ஆகையால் ஒரு யோசனையை முன்வைக்கிறோம். அடுத்த பொதுச் சபையில் கட்டடத் தீர்மானம் வரும்போது அங்கத்தினர் ஒவ்வொருவரும் எழுந்து மூன்று கேள்விகள் கேட்க வேண்டும். தளத்திற்கு அடியில் என்ன இடுகிறீர்கள்? ஆவித்தடை எந்தப் பக்கத்தில்? ஒரு மழைக்காலம் கழியும்வரை ஒப்பந்தக்காரருக்குச் சேரவேண்டிய தொகையில் எவ்வளவு நிறுத்தி வைப்பீர்கள்? விடை எழுத்தில் வேண்டும். கட்டி முடித்த பின்னர்ச் சோதிப்பதும் எளிது. ஒன்றரை அடிச் சதுரமுள்ள தெளிவான பாலிதீன் துண்டைத் தரையில் பரப்பி, நான்கு ஓரங்களையும் நாடாவால் ஒட்டி, மாலையிலிருந்து மறுநாள் முற்பகல் வரை, அதாவது சுமார் 16 மணி நேரம், விட்டுவைக்கவும். எடுத்துப் பார்க்கும்போது அடியில் நீர் பூத்திருந்தாலோ தரை கறுத்திருந்தாலோ, அத்தரை மூட்டை தாங்கத் தகுதி பெறவில்லை. இதற்குப் பொறியாளர் வேண்டியதில்லை. கிடங்குக் காவலரே செய்யலாம்.

கூட்டுறவு என்பது கணக்குப் புத்தகத்தில் மட்டும் நடப்பதன்று. ஒருவர் தம் விளைவை மற்றவர் பொறுப்பில் விட்டுவிட்டு இரவில் நிம்மதியாக உறங்குவதே கூட்டுறவு. அந்த நம்பிக்கை அமர்ந்திருக்கும் இடம் கிடங்கின் தரை. அதை உலர்ந்ததாக வைத்திருக்கும் பொறுப்பு நிர்வாகிகளுக்கு மட்டுமன்று, பங்கு வைத்திருக்கும் நம் ஒவ்வொருவருக்கும் உரியது. அடுத்த திறப்பு விழாவுக்குச் செல்லும் அன்பர்கள், மாலைகளும் பேச்சுகளும் முடிந்த பிறகு, ஒரு கணம் குனிந்து தரையைத் தொட்டுப் பார்த்துவிட்டு வரும்படி வேண்டுகிறோம்.